நாப்பது கிலோமீட்டர் ரோட்டுக்கு நூத்தி அறுபது குதிரை

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை வெற்றிமலை முருகன் கோயில் வாசல்ல ஒரு தம்பி வாயைக் கிளறி விட்டுட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பேங்க் வேலையில மாத்தலாகி போர்ட் பிளேயர் வந்து ஆறு மாசம் ஆச்சு. (2024 செப்டம்பர்ல ஊர் பேரை ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க. வாய்க்கு இன்னும் பழகலை, மன்னிச்சுக்கங்க.) செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து, "அண்ணே, வெர்னா வாங்கலாம்னு இருக்கேன். சாதாவா, டர்போவா? எடுக்கறதுதான் எடுக்கறோம், டாப் மாடலாவே எடுத்துடலாம்ல?"ன்னார்.

அந்த "எடுக்கறதுதான் எடுக்கறோம்"ங்கற வார்த்தை இருக்கு பாருங்க, அதைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிடும். பத்து நிமிஷம் நின்ன இடத்துலயே பேசிட்டேன். தங்கமணி கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. வாசல்ல முடிக்காததை இங்க முடிச்சுடறேன். நீங்க துபாய்ல இருந்தாலும் சரி, சிங்கப்பூர்ல இருந்தாலும் சரி, புனேல இருந்தாலும் சரி, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல வண்டியைப் பத்தி. ஹூண்டாய் வெர்னாவோட புது மாடல் 2023 மார்ச் 21ல வந்துச்சு. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில செய்யற வண்டி. ரெண்டு பெட்ரோல் இன்ஜின், ரெண்டுமே ஒன்றரை லிட்டர்தான். ஒண்ணு சாதா, 115 குதிரை. இன்னொண்ணு டர்போ, 160 குதிரை. இழுவிசை சாதாவுக்கு 144 நியூட்டன் மீட்டர், டர்போவுக்கு 253. டர்போல ஆட்டோமேட்டிக் கியர் வச்சா நின்ன இடத்துல இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 8.1 வினாடியில தொடும்னு கம்பெனி சொல்லுச்சு. கறுப்புச் சக்கரம், அதுக்குள்ள எட்டிப் பாக்கற சிவப்பு பிரேக் காலிப்பர். பாத்தா நமக்கே ஒரு கிறுகிறுப்பு வரும், பொய் சொல்ல மாட்டேன்.

இப்ப விலை. 2023 மார்ச்சுல சொன்ன எக்ஸ் ஷோரூம் விலையைத்தான் சொல்றேன். கடைசிப் படி, அதாவது ஈஎக்ஸ், 10.90 லட்சம். அதுக்கு ஒரு படி மேல எஸ், 11.96 லட்சம். உச்சாணிக் கொம்புல எஸ்எக்ஸ் ஆப்ஷனல், டர்போ, ஆட்டோமேட்டிக், 17.38 லட்சம். அதுக்கப்புறம் விலை ஏறியிருக்கு. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறினப்ப இறங்கியும் இருக்கு. இன்னிக்கு விலையை ஷோரூம்ல கேட்டுக்கங்க. கணக்கு போடற முறை மாறாது.

எஸ்ஸுக்கும் உச்சிக்கும் வித்தியாசம் 5.42 லட்சம். இந்தத் தொகையைக் கொஞ்ச நேரம் கண்ணு முன்னாடி வச்சுக்கங்க.

இதை முழுசா கடன் வாங்கறோம்னு வைங்க. 9 சதவீத வட்டி, அஞ்சு வருஷம். மாசத் தவணை ஏறக்குறைய 11,250 ரூபாய். அஞ்சு வருஷத்துல கட்டி முடிக்கறது 6.75 லட்சம். கவனிங்க, இது வண்டியோட தவணை இல்லை. வண்டிக்கும் அதைவிட அழகான அதே வண்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளியோட தவணை.

இன்னொரு கணக்கும் இருக்கு. நாலு மீட்டருக்கு மேல நீளம், 1500 சிசிக்குள்ள இன்ஜின் உள்ள இந்த மாதிரி காருக்கு அப்ப 28 சதவீத ஜிஎஸ்டி, 17 சதவீத செஸ், ஆக 45. நீங்க கூடுதலாக் கொடுக்கற 5.42 லட்சத்துல 1.68 லட்சம் வரியாப் போயிடுது. இப்ப 40 சதவீதம். நாலு மீட்டருக்குள்ள அடங்கற, 1200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் காருக்கு இப்ப 18தான். சிவப்பு காலிப்பர் வாங்கறப்ப கூடவே மத்திய அரசுக்கு ஒரு மொய்யும் எழுதறோம். நாட்டுப்பற்றுன்னு எடுத்துக்கிட்டா சரி :-)

சரி, எங்க ஊர் ரோட்டுக்கு வாங்க.

நான் இங்க வந்தது 2014ல. வீடு காரச்சர்மா, ஆபீஸ் ஹேடோ. ஏழெட்டு கிலோமீட்டர். நடுவுல மேடு, பள்ளம், திருப்பம், பள்ளிக்கூடம், மாடு, மறுபடியும் மேடு. பத்து வருஷத்துக்கு மேல ஓட்டறேன், அந்த வழியில நாலாவது கியருக்கே அபூர்வமாத்தான் வேலை. ஞாயித்துக்கிழமைன்னா வண்டூர் இல்லேன்னா சிடியா தாப்பு. அங்கயும் ரோடு வளைஞ்சு வளைஞ்சுதான் போகும், ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல்.

"அப்ப ஹைவே?"ன்னு கேப்பீங்க. இருக்கே, அந்தமான் டிரங்க் ரோடு, தேசிய நெடுஞ்சாலை 4. வடக்கே திக்லிப்பூர் வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல. ஆனா ஜிர்காடாங் செக்போஸ்ட் வந்ததும் நிக்கணும். அதுக்கு மேல ஜாரவா பழங்குடிகளோட காப்புக்காடு. குறிச்ச நேரத்துக்கு எல்லா வண்டியும் வரிசையா, போலீஸ் துணையோடதான் போக முடியும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல கூடாது. முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. டர்போக்காரரும் தண்ணி லாரிக்குப் பின்னாடி அதே நாப்பதுலதான் உருளணும்.

அந்த நாப்பதைக் குறை சொல்லலைங்க. அந்தக் காடு அந்த மக்களோட வீடு. மொத்தமே சில நூறு பேர்தான். காப்புக்காட்டுக்குள்ள போற ரோட்டை மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2002லயே உத்தரவு போட்டுது. இன்னும் மூடலை. அடுத்தவன் வீட்டு நடையில நம்மளை நடக்க விட்டிருக்காங்க, மெதுவா நடக்கறதுதான் மரியாதை. அந்த ரோட்டை மனசுல வச்சுக்கிட்டு "பவர் பத்துமா"ன்னு கேக்கறது எனக்குச் சிரிப்பா வரலை, கூச்சமா வருது.

ஆக, இந்தத் தீவுல சட்டப்படி 160 குதிரையையும் அவிழ்த்து விட ஒரு இடம் கூட எனக்குத் தெரிஞ்சு இல்லை. வேடிக்கை என்னன்னா, அப்படி ஒரு இடம் வண்டி பிறந்த ஊர்லயே இருக்கு. இருங்காட்டுக்கோட்டையில 1990ல இருந்து ரேஸ் டிராக் ஓடுது. மூணே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சுத்து. அதுல ஓட்டறவர் டர்போ வாங்கினா நான் எழுந்து நின்னு கை தட்டுவேன். அங்க இருந்து கப்பல்ல ஏத்தி, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடல் தாண்டிக் கொண்டு வந்து, காரச்சர்மா மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்க நிறுத்தறதுக்கு எதுக்கு?

உச்சி வேரியன்ட்ல இன்னும் என்ன குடுக்கறாங்கன்னு பாத்தேன். முன் சீட்டுல காத்து வரும். சந்தோஷம். அதே சீட்டு சூடும் ஆகும். ஆமாங்க, சீட் ஹீட்டர்! போர்ட் பிளேயர்ல. டிசம்பர் ராத்திரியிலகூட 22 டிகிரிக்குக் கீழ போக யோசிக்கற ஊர்ல. எங்க ஊர்ல சீட்டைச் சூடாக்க சூரியன்னு ஒருத்தர் இருக்கார், இலவசமா செய்யறார்.

அடுத்தது ஏடிஏஎஸ். ரேடாரும் கேமராவும் ரோட்டைப் பாத்து, நீங்க கோடு தாண்டினா ஸ்டியரிங்கைத் திருப்பும், முன்னாடி வண்டி வந்தா பிரேக் போடும். நல்ல விஷயம்தான், கிண்டல் பண்ண மாட்டேன். தானா பிரேக் போடறது எங்கயும் உயிர் காக்கும். ஆனா கோட்டுக்குள்ள வண்டியை நிறுத்தறதுக்கு முதல்ல ரோட்டுல கோடு வேணும். வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யற ஊர்ல, ரெண்டு பருவமழையும் வந்து அடிக்கற ஊர்ல, பெயின்ட் எத்தனை நாள் நிக்கும்னு நீங்களே சொல்லுங்க.

இங்கதான் என் முதல் கோபம், கார் கம்பெனிகள் மேல. இது ஒரு கம்பெனியோட கதை இல்லை, எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. இன்ஜின் ஒரு விஷயம், பாதுகாப்பு ஒரு விஷயம், அலங்காரம் ஒரு விஷயம். மூணையும் ஒரே பொட்டலமாக் கட்டிடறாங்க. பிரேக் போடற ரேடார் வேணும்னா சன்ரூஃபும் சீட் ஹீட்டரும் சேர்த்துத்தான். பந்தியில சாம்பார் கேட்டா, "பாயசம் ரெண்டு கப் குடிச்சாத்தான் சாம்பார்"னு சொல்ற மாதிரி. பிள்ளைங்க பாதுகாப்புன்னு சொன்னா எந்த அப்பனும் மறுக்க மாட்டான்னு அவங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்து மேல பளபளப்பை ஏத்தி விக்கறாங்க.

ஆனா பயப்படறதுக்கு முன்னாடி விவரம் பாருங்க. இந்த வெர்னாவுல ஆறு ஏர்பேக் கடைசிப் படியில இருந்தே உண்டு. எல்லா சீட்டுக்கும் மூணு முனை பெல்ட் உண்டு. 2023 அக்டோபர்ல குளோபல் என்கேப் மோதிப் பாத்து பெரியவங்களுக்கு அஞ்சு, குழந்தைகளுக்கு அஞ்சு நட்சத்திரம் குடுத்தாங்க. அதே அறிக்கையில வண்டியோட உடல்கூடு நிலையா இல்லைன்னும் எழுதினாங்க. நட்சத்திரம் மட்டும் விளம்பரத்துல வந்துச்சு. இதுல நாம புரிஞ்சுக்க வேண்டியது, அந்தக் கூடு சாதாவுக்கும் டர்போவுக்கும் ஒண்ணேதான். அஞ்சே கால் லட்சத்துக்கு மேல கூடக் குடுத்தாலும் இரும்பு தடிக்காது. பாதுகாப்புதான் முக்கியம்னா, அதே காசுல வேற மாடலோட மோதல் அறிக்கையைப் படிக்கணும், இதே மாடலோட உச்சிக்கு ஏறக் கூடாது.

இப்ப, நான் வழக்கமாக் கேக்கற எதிர்வாதங்கள்.

ஒண்ணு, "டர்போ மைலேஜ் அதிகம் தெரியுமா?" தெரியும். கம்பெனி சொன்ன கணக்குப்படி சாதா மேனுவல் லிட்டருக்கு 18.6, டர்போ ஆட்டோமேட்டிக் 20.6. ஒத்துக்கறேன். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டறதா வைங்க. நான் அவ்வளவு ஓட்டறதே இல்லை. மிச்சம் 52 லிட்டர். எங்க ஊர்ல பெட்ரோல் நாட்டுலயே மலிவு, 2024ல லிட்டர் 82 ரூபாய் சொச்சம், சென்னையில அப்ப நூறு. ஆக வருஷத்துக்கு 4,300 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்துல 5.42 லட்சத்தைத் திருப்பி எடுக்க 126 வருஷம் ஆகும். ஆயுசு கெட்டியா இருந்தா வாங்குங்க.

ரெண்டு, "விக்கும்போது நல்ல விலை போகும்." எங்க போகும்? தீவுல பழைய வண்டி வாங்கறவர் கேக்கற முதல் கேள்வி, "அடியில துரு எவ்வளவு?" உப்புக் காத்து டர்போன்னு பாத்து ஒதுங்கிப் போறதில்லை. ரெண்டாவது கேள்வி, "ரிப்பேர் வந்தா இங்கயே பாக்க முடியுமா, பார்ட்ஸ் கப்பல்ல வரணுமா?" சிக்கலான கியர்பாக்ஸும் டர்போவும் இருந்தா அங்கயே முகம் மாறிடும். அதுவும் டர்போவோட வர்றது உலர் கிளட்ச் வகை டிசிடி. மேட்டுல நின்னு நின்னு ஊர்ந்து போற ஊர்ல அந்த வகை கிளட்ச் சூடாகும். ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா சாதா இன்ஜினோட வர்ற ஐவிடி நிம்மதி. இது என் கருத்து, மெக்கானிக்கைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

மூணு, "நீங்க அந்தமான்ல இருக்கீங்க, நாங்க வெளிநாட்டுல இருக்கோம்." அபுதாபியில 140ன்னு பலகை வச்ச ரோட்டுல தினம் நூறு மைல் ஓட்டறவர்கிட்ட நான் வம்புக்கு வரலை, வாங்கிக்கங்க. ஆனா சிங்கப்பூர்ல இருக்கற என் மச்சானைக் கேளுங்க. அங்க வண்டியைவிட வண்டி வச்சிருக்கற உரிமைச் சீட்டுக்குத்தான் விலை, அதுவும் பத்து வருஷத்துக்கு. 1600 சிசிக்குள்ள, 97 கிலோவாட், அதாவது 130 குதிரைக்குள்ள இருந்தா ஏ பிரிவு. தாண்டினா பி பிரிவு. 2014ல அந்தக் குதிரைக் கணக்கைக் கொண்டு வந்ததும் பெரிய பெரிய ஐரோப்பியக் கம்பெனிங்களே இன்ஜினைக் குறைச்சு 130க்குள்ள அடக்கிக் கொண்டு வந்து வித்தாங்க. வாங்கினவங்க யாரும் அழலை. ஏன்னா விரைவுச்சாலையிலயே அங்க அதிகபட்சம் 90தான். அதுவும் தீவுதானே.

நாலாவதுதான் நிஜமான வாதம். "இவ்வளவு தூரம் வந்து, நாய் மாதிரி உழைச்சு, ஒரு நல்ல வண்டி ஓட்டக் கூடாதா? ஆசைன்னு ஒண்ணு கிடையாதா?"

இதுக்கு நான் கேலியா பதில் சொல்ல மாட்டேன். ஏன்னா இதைச் சொன்னவன் நான்தான்.

கொசுவத்தியைச் சுத்த விடறேன். 2023 மே மாசம் லீவுல சென்னையில இருந்தேன். ஒரு ஷோரூம். ஏசி, காபி, டை கட்டின பையன். நான் எஸ் வேரியன்ட் பத்திக் கேட்டேன். அவன் ரொம்ப மரியாதையா, "சார், உங்க ப்ரொஃபைலுக்கு அது செட் ஆகாது"ன்னான். அவ்வளவுதான். என் ப்ரொஃபைல் என்னன்னு எனக்கே தெரியாது, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! பத்து நிமிஷத்துல டர்போவோட ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த சீட்டுல இருந்து நான் என்ன பாத்தேன்னு நேர்மையாச் சொல்றேன். அந்தமான் ரோட்டைப் பாக்கலை. அருப்புக்கோட்டையில எங்க தெருமுனையைப் பாத்தேன். பெரியப்பா வீட்டுத் திண்ணையைப் பாத்தேன். பன்னெண்டாவதுல எனக்கு மார்க் குறைஞ்சப்ப சிரிச்ச ரெண்டு பேரைப் பாத்தேன். அந்த வண்டி கடல் தாண்டி அந்தத் தெருவுக்கு ஒரு நாளும் வராது. ஆனா போட்டோ வரும்ல? வாட்சப்ல வரும்ல?

அட்வான்ஸ் குடுக்க கார்டை எடுத்தேன். தங்கமணி சத்தமே இல்லாம ஒண்ணு கேட்டாங்க. "ஏங்க, போன வருஷம் மாமாவுக்கு இடுப்பு உடைஞ்சப்ப நாம ஏன் பதினோரு நாள் கழிச்சுப் போனோம்?"

2022ல எங்க அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, மதுரையில ஆபரேஷன் ஆச்சு. நான் உடனே போகலை. எல்லார்கிட்டயும் லீவு கிடைக்கலைன்னு சொன்னேன். லீவு கிடைச்சுது. மூணு பேருக்கு அவசரத்துல போக வர விமான டிக்கெட் அறுபதாயிரத்தைத் தாண்டுச்சு. கப்பல்ல போனா மூணு நாள், அதுவும் நினைச்ச அன்னிக்கு இருக்காது. "ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சுதே, விலை இறங்கினதும் போவோம்"னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். அம்மா ஒண்ணும் கேக்கலை. அப்பா, "வேலைதானப்பா முக்கியம்"னார். பதினோரு நாள், அறுபதாயிரத்துக்காக.

அதே ஆள்தான் ஒரு வருஷத்துல, 5.42 லட்சத்தை சிவப்பு காலிப்பருக்காக எடுத்து நீட்டிக்கிட்டு இருந்தேன். கார்டைத் திரும்பப் பையில வச்சப்ப என் கை நடுங்குச்சு. அந்தப் பையன் ஏசி அதிகம்னு நினைச்சிருப்பான்.

மக்களே, நான் சண்டைக்கு வர்றது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். நம்மள மாதிரி ஊரை விட்டு வந்தவங்க டாப் வேரியன்ட் வாங்கறது பெரும்பாலும் ஓட்டறதுக்கு இல்லை. ஊர்ல இருக்கறவங்க பாக்கறதுக்கு. அதே காசை அவங்களைப் போய்ப் பாக்கறதுக்கு எடுத்து வைங்கன்னுதான் சொல்றேன். மாசம் 11,250ன்னா வருஷத்துக்கு 1.35 லட்சம். எங்க மூணு பேருக்கு, கடைசி நேர விலையிலயே, வருஷம் ரெண்டு தடவை ஊருக்குப் போய் வரலாம். முன்கூட்டியே போட்டா மூணு தடவை. உங்க ஊர்ல இருந்து உங்க ஊருக்கு எத்தனை தடவைன்னு நீங்களே வகுத்துப் பாருங்க.

கஞ்சத்தனம் பண்ணச் சொல்லலை. அதையும் தெளிவாச் சொல்லிடறேன். விலை குறைச்சல்ங்கறதுக்காகக் கண்ணை மூடிட்டு கடைசிப் படியில போய் உக்காராதீங்க. வண்டி வழுக்காம பிடிக்கற ஈஎஸ்சி எந்தப் படியில இருந்து இருக்குன்னு எழுத்துல கேளுங்க. மழை ஊர்க்காரங்களுக்கு அது சன்ரூஃபைவிட நூறு மடங்கு முக்கியம். டயர் நல்லதாப் போடுங்க. குழந்தைக்குத் தனி சீட் வாங்குங்க. டர்போ வாங்கி அம்பதாயிரத்துக்கு ஸ்பீக்கரைப் பத்திப் பேசறவர் வீட்டுல பிள்ளை அம்மா மடியில உக்காந்து போறதை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்! அடியில துரு தடுக்கற பூச்சு போடுங்க. பிரீமியம்னா எனக்கு இதுதான் பிரீமியம்.

நான் கடைசியில எஸ் மேனுவல்தான் வாங்கினேன், வெள்ளைக் கலர். பெரியப்பா மகன் போன்ல, "டாப் மாடல்தானே மாப்ள?"ன்னான். "இல்லை மச்சான், நடுவுல"ன்னேன். ரெண்டு வினாடி மௌனம். அவன் பேச்சை மழைக்கு மாத்தினான். அந்த ரெண்டு வினாடியோட விலைதான் 5.42 லட்சம். தாங்கிக்கிட்டேன், ஒண்ணும் ஆகலை.

2024 ஜனவரியில அப்பாவையும் அம்மாவையும் இங்க கூட்டிட்டு வந்தேன். தவணை வித்தியாசத்துல சேர்ந்த காசு. அப்பா முப்பது வருஷம் அரசு பஸ் டிரைவர். ஏர்போர்ட்ல இருந்து வர்றப்ப முன் சீட்டுல உக்காந்து, ஊனுகோலை ரெண்டு கால் நடுவுல வச்சுக்கிட்டு, டேஷ்போர்டைத் தடவிப் பாத்தார். நான் சும்மா இருக்க மாட்டாம, "இதுலயே 160 குதிரை வண்டியும் இருக்குப்பா, நான் எடுக்கலை"ன்னேன்.

"நான் ஓட்டின பஸ்ஸுக்கு அவ்வளவு கிடையாதே"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அதுல அறுபது பேர் ஏறுவாங்க"ன்னார். அப்புறம் கார்பைன்ஸ் கோவ் திருப்பத்துல கடல் தெரிஞ்சதும் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஏசியை நிறுத்திட்டு, முப்பதுல உருட்டிக்கிட்டுப் போனேன். பின்னாடி ஒரு ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடிச்சுட்டு முந்திப் போனார். அம்மா பேத்திகிட்ட அலையை எண்ணச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

தம்பி, கோயில் வாசல்ல கேட்டீங்களே, இதுதான் பதில். அதுக்கு மேல உங்க இஷ்டம்.

டிஸ்கி 1: ஹூண்டாய் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அந்த வண்டியைத்தான் ஓட்டறேன். நீங்க வேற கம்பெனி செடான் பாத்துக்கிட்டு இருந்தா பேரை மட்டும் மாத்திக்கங்க, கணக்கு அதேதான்.

டிஸ்கி 2: ஏற்கெனவே டர்போ வாங்கினவங்க கோவிச்சுக்காதீங்க. வித்துட்டு வாங்கன்னு சொல்லலை. இந்த வருஷம் ஊருக்கு டிக்கெட் போட்டாச்சான்னு மட்டும் கேக்கறேன்.